டிஜிட்டல் பின்பால்: உரிமம் தீர்ந்தால் டேபிளும் போய்விடுவது ஏன்?

2018 ஜூன் 30 அன்று, ‘தி பின்பால் ஆர்கேட்’ என்ற டிஜிட்டல் விளையாட்டிலிருந்து வில்லியம்ஸ், பாலி ஆகிய தயாரிப்புப் பெயர்களைத் தாங்கிய அறுபதுக்கும் மேற்பட்ட டேபிள்கள், அதாவது நிஜப் பின்பால் இயந்திரங்களின் திரை வடிவங்கள், விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டன. அவை விற்காமல் தேங்கிக் கிடக்கவில்லை. மென்பொருளிலும் கோளாறு இல்லை. உரிம ஒப்பந்தத்தின் காலம் முடிந்தது, அது புதுப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். சில மாதங்களிலேயே அவற்றில் சில வேறொரு நிறுவனத்தின் விளையாட்டில், மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டியவையாக, வரத் தொடங்கின. அன்று தொடங்கிய குழப்பம் இன்றுவரை தீரவில்லை. 1992இல் மரத்தாலும் எஃகாலும் செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தை இன்றும் பழுதுபார்த்து ஆட முடிகிறது. அதையே நகலெடுத்து இருபது ஆண்டுகள் கழித்து வந்த மென்பொருள் கடையிலிருந்து காணாமல் போகிறது. இந்த முரண்பாடு எங்கிருந்து வருகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

இயந்திரமும் அதன் உரிமைகளும்

சாய்வான பலகை ஒன்றில் எஃகுப் பந்து உருண்டு வருகிறது. அது கீழே உள்ள பள்ளத்தில் விழாமல், ஃபிளிப்பர் எனப்படும் இரண்டு சிறு துடுப்புகளால் மேலே அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்பாலின் சாரம் இதுதான். ஃபிளிப்பர் முதன்முதலாக 1947இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ இயந்திரத்தில் வந்தது. அதற்கு முன்பு பந்தின் போக்கு பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தே இருந்ததால், பல அமெரிக்க நகரங்கள் பின்பாலைச் சூதாட்டமாகவே கருதின. நியூயார்க் நகரில் 1942 முதல் 1976 வரை அதற்குத் தடை இருந்தது.

இந்தத் துறையின் உச்சம் 1990களின் தொடக்கம். வில்லியம்ஸ் நிறுவனம் தன் வசமிருந்த பாலி என்ற பெயரில் 1992இல் வெளியிட்ட ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ 20,270 இயந்திரங்கள் விற்றது. மின்னணு யுகத்து இயந்திரங்களில் அந்த எண்ணிக்கையை வேறெதுவும் எட்டவில்லை. ஆனால் ஏழே ஆண்டுகளில், 1999 அக்டோபரில், வில்லியம்ஸ் தன் பின்பால் பிரிவை மூடிவிட்டுச் சூதாட்ட இயந்திரத் தயாரிப்பில் முழுக் கவனம் செலுத்தியது.

நமக்கு இங்கே முக்கியமானது அதற்குப் பிந்தைய கதை. தொழிற்சாலை மூடப்பட்டாலும் வடிவமைப்பு, நிரல், ஓவியம், பெயர், முத்திரை ஆகியவற்றின் உரிமைகள் நிறுவனத்திடமே இருந்தன. அந்த நிறுவனத்தை 2013இல் சயின்டிஃபிக் கேம்ஸ் வாங்கியது. 2022இல் அதன் பெயர் லைட் அண்ட் வொண்டர் என்று மாறியது. பின்பால் வரலாற்றின் மிகச் சிறந்த இயந்திரங்களுக்கான திறவுகோல், பின்பால் தயாரிக்காத ஒரு சூதாட்டக் கருவி நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் இது எத்தனை சிறிய வரியாக இருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

திரையில் இரண்டு வகை

டிஜிட்டல் பின்பால் என்று பொதுவாகச் சொன்னாலும், உள்ளே இரண்டு வேறுபட்ட வகைகள் உள்ளன. இரண்டின் எதிர்காலமும் ஒன்றல்ல.

முதல் வகை, கணினிக்காகவே வடிவமைக்கப்பட்ட டேபிள்கள். பில் பட்ஜ் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘பின்பால் கன்ஸ்ட்ரக்ஷன் செட்’, ஆட்டக்காரர் தாமே டேபிள் அமைத்து ஆட வழிசெய்தது. பிற்காலத்தில் ‘பேட்டில்ஃபீல்ட்’ தொடரால் உலகப் புகழ்பெற்ற சுவீடனின் டைஸ் நிறுவனம், 1992இல் அமிகா கணினிக்கு வந்த ‘பின்பால் டிரீம்ஸ்’ மூலமே முதலில் அறியப்பட்டது. நம்மில் பெரும்பாலோர் அறிந்தது விண்டோஸ் எக்ஸ்பியுடன் இலவசமாக வந்த ‘ஸ்பேஸ் கேடட்’. பிரவுசிங் சென்டர்களிலும் அலுவலகக் கணினிகளிலும் அதை ஆடிய பலருக்கு அதுவே முதலும் கடைசியுமான பின்பாலாக இருக்கக்கூடும். அது 1995இல் மேக்சிஸ் வெளியிட்ட ‘ஃபுல் டில்ட்! பின்பால்’ தொகுப்பின் மூன்று டேபிள்களில் ஒன்று. சினிமாட்ரானிக்ஸ் நிறுவனம் எழுதியது.

இரண்டாம் வகை, நிஜ இயந்திரங்களின் மறு உருவாக்கம். அமெரிக்காவின் ஃபார்சைட் ஸ்டுடியோஸ் 2004இல் காட்லீப் இயந்திரங்களையும், 2008இல் வில்லியம்ஸ் இயந்திரங்களையும் தொகுப்புகளாக வெளியிட்டது. பிறகு 2012இல் ‘தி பின்பால் ஆர்கேட்’டைத் தொடங்கி, ஒவ்வொரு டேபிளாகச் சேர்த்து விற்கலானது. இந்த இரண்டாம் வகைதான் இப்போது ஆட்டம் காண்கிறது.

ஒரு டேபிளைத் திரைக்குக் கொண்டுவருவது எப்படி?

1. நிஜ இயந்திரத்தைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, படம் எடுத்து, முப்பரிமாண வடிவமாக்க வேண்டும். ஒரு சரிவுப்பாதையின் வளைவு சில மில்லிமீட்டர் தவறினாலும், பழகிய ஆட்டக்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

2. இயந்திரத்துக்குள் இருக்கும் ரோம் என்ற நினைவகச் சில்லில்தான் விதிகள், மதிப்பெண், ஒலி, விளக்குகளின் வரிசை எல்லாம் உள்ளன. அதைப் புதிதாக எழுதுவதில்லை. பழைய மின்சுற்றைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு போலிச் சூழலை மென்பொருளில் அமைத்து, அதற்குள் அசல் நிரலையே ஓடவிடுவார்கள். பந்து ஒரு சுவிட்சைத் தொட்டதும் அந்தச் சமிக்ஞை 1992இல் எழுதப்பட்ட நிரலுக்குப் போகும். எந்த விளக்கை எரியவிட வேண்டும் என்று அது பதில் சொல்லும்.

3. பந்தின் இயக்கத்தை இயற்பியல் விதிப்படி கணக்கிட வேண்டும். கடினமான பகுதி இதுதான்.

மூன்றாவதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பின்பால் பந்து சுமார் 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டு. அது விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதற்காகப் பந்தின் இடத்தையும் 60 முறை மட்டுமே கணக்கிட்டால், ஒரு கணிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பந்து 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதாவது தன் விட்டத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு தூரம். இடையில் ஒரு மெல்லிய கம்பி இருந்தால், முந்தைய கணிப்பில் பந்து அதற்கு இந்தப் பக்கமும் அடுத்த கணிப்பில் அந்தப் பக்கமும் இருக்கும். மோதல் நடந்திருக்க வேண்டும் என்பதே நிரலுக்குத் தெரியாது. ஆகவே நல்ல பின்பால் மென்பொருள்கள் திரையின் வேகத்தைப் பொருட்படுத்தாமல், பந்தின் பாதையை மிகச் சிறு இடைவெளிகளில் கணக்கிடுகின்றன. ‘விஷுவல் பின்பால்’ என்ற இலவச மென்பொருளின் கணிப்பு விநாடிக்கு 1,000 முறை நடக்கிறது.

கணிப்பு சரியாக இருந்தாலும் தொலைக்காட்சித் திரையின் தாமதம் வேறு. பொத்தானை அழுத்தியது முதல் ஃபிளிப்பர் அசைவது கண்ணில் படும்வரை 50 மில்லிவிநாடி கடந்தால், அதே வேகத்தில் பந்து 15 சென்டிமீட்டர் போயிருக்கும். ஒரு ஃபிளிப்பரின் நீளமே ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர்தான். நிஜ இயந்திரத்தில் பழகியவர்கள் “கைக்கு வரவில்லை” என்று குறைப்படுவதற்கு, பெரும்பாலான நேரங்களில் விளையாட்டைவிட அவர்கள் வீட்டு டிவியே காரணம்.

‘ஸ்பேஸ் கேடட்’ மறைந்ததும் இப்படியொரு கணிப்புப் பிழையால்தான். 64 பிட் விண்டோஸுக்கு அதை மாற்றியபோது, பந்து தடைகளை எல்லாம் ஆவியைப் போல ஊடுருவிச் சென்றது. மூல நிரல் வெளி நிறுவனம் ஆண்டுகளுக்கு முன்பு எழுதியது. விளக்கக் குறிப்புகளும் அதில் இல்லை. பிழையைத் தேட நேரமில்லாமல் விளையாட்டையே விட்டுவிட்டதாக, மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2012இல் விளக்கம் எழுதினார். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் அது இல்லாமல் போனது இப்படித்தான். 2021இல் ஆர்வலர் ஒருவர் அந்த விளையாட்டின் இயங்கு கோப்பைப் பகுத்து, நிரலை மீட்டெழுதி, பொதுவில் வெளியிட்டார்; இன்று அது லினக்ஸ் உட்படப் பல தளங்களில் ஓடுகிறது. தொழில்நுட்பச் சிக்கலால் போன விளையாட்டை ஒரு தனிமனிதரின் பொறுமை மீட்டுவிட்டது. உரிமத்தால் போனவற்றை அப்படி மீட்க முடிவதில்லை.

ஒரு டேபிளுக்கு எத்தனை உரிமையாளர்கள்?

‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’யையே எடுத்துக்கொள்வோம். அதைத் திரையில் விற்க விரும்பும் நிறுவனம் பின்வரும் கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கும்:

1. இயந்திரத்தின் வடிவமைப்பு, ரோம், பாலி என்ற முத்திரை ஆகியவற்றின் உரிமையாளர்.

2. இயந்திரத்துக்கு அடிப்படையான 1991ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் உரிமையாளர்.

3. படத்தில் நடித்த ரவுல் ஹூலியா, அஞ்சலிகா ஹியூஸ்டன் ஆகியோரின் தோற்றத்துக்கும் குரலுக்குமான உரிமை. இயந்திரத்துக்காகவே இருவரும் தனியாக வசனம் பேசிப் பதிவுசெய்திருந்தனர். ஹூலியா 1994இல் காலமானார்.

4. பலருக்கும் பழக்கமான அந்த விரல் சொடுக்கும் தொடக்க இசையின் உரிமை.

இவற்றில் ஒன்று கிடைக்காவிட்டாலும் டேபிள் வெளிவர முடியாது. கிடைப்பவையும் நிரந்தரமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கெடு உண்டு, அவையும் ஒரே நாளில் முடிவதில்லை. 1992இல் வில்லியம்ஸ் இதே அனுமதிகளைப் பெற்றது இயந்திரம் தயாரித்து விற்பதற்காக. விற்ற பிறகு அந்த இயந்திரம் வாங்கியவரின் சொத்து. ஒப்பந்தம் முடிந்தாலும் அதை வைத்திருக்கலாம், பழுது பார்க்கலாம், இன்னொருவருக்கு விற்கலாம். மென்பொருளில் ஒவ்வொரு பிரதி விற்கப்படும்போதும், விற்பவர் கையில் நடப்பிலுள்ள உரிமம் இருந்தாக வேண்டும். மேலே கேட்ட முரண்பாட்டுக்கு விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இதற்கான செலவை ஃபார்சைட் சமாளித்த முறையும் கவனிக்கத்தக்கது. ‘ட்விலைட் சோன்’ டேபிளுக்கான உரிமச் செலவுக்காக 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் 55,000 டாலர் இலக்குடன் ரசிகர்களிடமே நிதி திரட்டியது. வேறு சில புகழ்பெற்ற டேபிள்களுக்கும் அப்படியே செய்தது. ஆக, ரசிகர்கள் உரிமத்துக்கு முன்பணம் கொடுத்து, ஆறே ஆண்டுகளில் அந்த உரிமம் காலாவதியாவதையும் பார்த்தனர். அடுத்தவர் நிலத்தில் கட்டிய வீடு போலத்தான் இது: சுவர் கட்டியவருடையது, மனை வேறொருவருடையது.

2018க்குப் பிறகு

வில்லியம்ஸ் உரிமம் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் உள்ள ஜென் ஸ்டுடியோஸுக்குச் சென்றது. 2007 முதல் ‘பின்பால் எஃப்எக்ஸ்’ தொடரை நடத்திவந்த அந்நிறுவனம், அதுவரை மார்வெல், ஸ்டார் வார்ஸ் போன்ற கருப்பொருள்களில் சொந்தமாக வடிவமைத்த டேபிள்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. 2018 அக்டோபரில் ‘ஃபிஷ் டேல்ஸ்’, ‘மெடீவல் மேட்னஸ்’ உள்ளிட்ட முதல் வில்லியம்ஸ் டேபிள்களை வெளியிட்டது. குறைந்த வயதுப் பிரிவுக்கான தரச்சான்று கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சில ஓவியங்களில் திருத்தம் செய்திருந்ததை ரசிகர்கள் கண்டுபிடித்துக் கண்டித்தார்கள். பாதுகாத்தல் என்ற கோணத்தில் பார்த்தால் அவர்கள் கண்டித்தது நியாயம். பழைய பிரதி விற்பனையில் இல்லை, புதிய பிரதி அசல் போல இல்லை என்றால், அசலின் டிஜிட்டல் பதிவு எங்குமே இல்லை என்றுதான் பொருள்.

‘தி பின்பால் ஆர்கேட்’டில் ஏற்கெனவே வாங்கியவர்களின் டேபிள்கள் பறிக்கப்படவில்லை. ஆனால் அவை ஒரு கட்டத்தில் உறைந்து நின்றுவிட்டன. அவற்றை விற்க முடியாத நிறுவனத்துக்கு, அடுத்த தலைமுறைக் கருவிகளுக்கு அவற்றை மாற்றித்தரப் பொருளாதாரக் காரணம் எதுவும் இல்லை.

இரண்டாவது அதிர்ச்சி ஜென் நிறுவனத்திடமிருந்தே வந்தது. ‘எஃப்எக்ஸ்2’வில் வாங்கியவற்றில் பெரும்பாலானவற்றை 2017இல் வந்த ‘எஃப்எக்ஸ்3’க்கு இலவசமாக மாற்றிக்கொள்ள முடிந்தது. 2022இல் எபிக் கேம்ஸின் இணையக் கடையில் முன்னோட்டமாகவும், 2023இல் பிற கருவிகளிலும் வந்த, எண் இல்லாத புதிய ‘பின்பால் எஃப்எக்ஸ்’ஸுக்கு அந்த வசதி இல்லை. அன்ரியல் எஞ்சின் என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளில் ஒவ்வொரு டேபிளையும் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது என்ற நிறுவனத்தின் வாதத்தில் உண்மை உண்டு. ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’யும் 2023இல் அங்கே வந்து சேர்ந்தது. ஆனால் ஃபார்சைட்டிடம் ஒரு முறையும், ஜென்னிடம் ஒரு முறையும் ஒரே இயந்திரத்துக்குப் பணம் கொடுத்த ஒருவருக்கு, மூன்றாவது முறை கொடுக்கத் தயக்கம் வருவது இயல்பே. ‘பின்பால் பாஸ்’ என்ற சந்தாவும் இதே நேரத்தில் அறிமுகமானது. வாங்குவதில் நம்பிக்கை குறைந்தவர்களுக்குச் சந்தா ஒரு வழிதான் என்றாலும், சந்தா நின்ற நாளில் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இப்போது பெரும்பகுதி ஒரே கூடையில் இருக்கிறது. அந்தக் கூடையும் அமைதியான இடத்தில் இல்லை. 2020இல் ஜென் ஸ்டுடியோஸை வாங்கிய சுவீடனின் எம்பிரேசர் குழுமம், 2023 மே மாதத்தில் 200 கோடி டாலர் மதிப்பிலான ஒப்பந்தம் ஒன்று கைநழுவியதாக அறிவித்தது. அடுத்த மாதமே பெரும் மறுசீரமைப்பைத் தொடங்கி, வொலிஷன், ஃப்ரீ ராடிக்கல் போன்ற ஸ்டுடியோக்களை மூடியது. பின்பாலுக்கும் குழுமத்தின் அந்த நெருக்கடிக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் ஒரு சிறு துறையின் தலைவிதி இத்தகைய தொடர்பில்லாத முடிவுகளில்தான் சிக்கிக்கொள்கிறது.

கருவியும் கடையும் மூடப்படும்போது

உரிமம் நீடித்தாலும் தளம் நீடிக்க வேண்டும். 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது, புதுப்பிக்கப்படாத 32 பிட் செயலிகள் அனைத்தும் ஐபோனில் ஓடாமல் போயின. நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யு விளையாட்டுக் கருவிகளின் இணையக் கடைகள் 2023 மார்ச்சிலும், எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையிலும் மூடப்பட்டன. இந்த மூன்றிலும் ஜென் நிறுவனத்தின் பின்பால் விளையாட்டுகள் விற்பனையில் இருந்தவை. இது பின்பாலுக்கு மட்டும் உரிய துயரமும் அல்ல. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறியது.

ஆர்வலர்களின் பாதை

வணிகத்துக்கு வெளியே, ராண்டி டேவிஸ் 2000ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘விஷுவல் பின்பால்’ இன்றும் வளர்ந்துவருகிறது. அதன் மூல நிரல் திறந்திருப்பதால், தொடங்கியவர் விலகினாலும் மற்றவர்கள் தொடர முடிகிறது. ‘பின்மேம்’ என்ற இணை மென்பொருள் பழைய ரோம்களை ஓடவிடுகிறது. பெரிய திரையைப் பெட்டிக்குள் படுக்கவைத்து, ஃபிளிப்பர் அடிக்கும் ஒலிக்காக நிஜ சோலனாய்டுகளையும் (மின்காந்த உந்திகள்) பொருத்தி, வீட்டிலேயே இயந்திரம் அமைப்போர் உலகெங்கும் உள்ளனர். ஏட்கேம்ஸ், ஆர்கேட்1அப் போன்ற நிறுவனங்கள் இதே எண்ணத்தில் ஆயத்தப் பெட்டிகளையும் விற்றன.

தரத்தில் இந்த ஆர்வலர் டேபிள்கள் சில வேளைகளில் வணிகப் பதிப்புகளை மிஞ்சுகின்றன என்பது என் கணிப்பு. ஆனால் சட்டநிலை வேறு. மென்பொருள் சட்டபூர்வமானது, அதில் ஓடும் ரோமும் ஓவியமும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. உரிமையாளர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் இருப்பதால்தான் இந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது. அது அனுமதி ஆகாது. அமெரிக்கச் சட்டப்படி நிறுவனப் படைப்புகளுக்கு வெளியான நாள் முதல் 95 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு என்பதால், 1992ஆம் ஆண்டு டேபிளின் நிரல் பொதுச் சொத்தாவது 2088 ஜனவரியில். பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே அணுக நூலகங்களுக்கு விலக்கு கேட்டு வைத்த கோரிக்கையையும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் ஏற்கவில்லை.

சட்டம் எதுவரை உதவும்?

கலிபோர்னியாவின் ஏபி 2426 சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. தருவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல், ‘வாங்குக’ என்ற சொல்லை டிஜிட்டல் கடைகள் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. நிரந்தரமாகத் தரவிறக்கி இணையமின்றி ஆடக்கூடியவற்றுக்கு விலக்கு உண்டு. ஐரோப்பாவில், ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 இலட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. சேவையகத்தை (சர்வர்) மூடும் நிறுவனங்கள் விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்பதே அதன் கோரிக்கை.

இவை இரண்டும் பின்பாலின் மையச் சிக்கலைத் தொடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலாவது எச்சரிக்கைப் பலகை மட்டுமே. இரண்டாவது சேவையகம் பற்றியது. உரிமம் முடிந்து விற்பனையிலிருந்து எடுக்கப்படும் டேபிளை இனி ஒருவர் எப்படி வாங்குவது என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை. ஒப்பந்தம் எழுதும்போதே, பழைய பிரதிகளை அடுத்த கருவிக்கு மாற்றித்தரும் உரிமையையும் உரிமக் காலம் முடிந்த பின் பராமரிக்கும் உரிமையையும் சேர்த்துப் பெறுவதுதான் நடைமுறையில் சாத்தியமான தீர்வு. அதற்கான பேரம் பேசும் வலிமை சிறிய ஸ்டுடியோக்களுக்கு அரிது.

இன்று பணம் செலவிடுவோர் பார்க்க வேண்டியவை:

1. டேபிள் நிறுவனத்தின் சொந்தப் படைப்பா, உரிமம் பெற்றதா? சொந்த வடிவமைப்பும் சொந்தக் கருப்பொருளும் கொண்டவை நீடிக்க வாய்ப்பு அதிகம். படம், தொடர், இசைக்குழு சார்ந்தவை முதலில் போகும்.

2. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆடிப் பார்க்க வேண்டும். திறக்க மறுத்தால், அந்த டேபிளின் ஆயுள் சேவையகத்தின் ஆயுள்தான்.

3. கணினிப் பதிப்பு கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது. பத்து ஆண்டுக்கு முந்தைய விளையாட்டு கணினியில் ஓட இருக்கும் வாய்ப்பு, கைபேசியிலோ கன்சோலிலோ இருப்பதைவிட மிக அதிகம்.

4. விற்பனையிலிருந்து எடுக்கப்படுவதாக அறிவிப்பு வந்த பிறகு, கடைசி வாரத்தில் வழக்கமாகத் தள்ளுபடி அறிவிக்கப்படும். அப்போது வாங்குவோர், தரவிறக்கிய கோப்புகளைத் தனி வட்டில் படியெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கடையின் ‘மறுபடி தரவிறக்கு’ பொத்தான் எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்பதற்கு எந்த ஒப்பந்தத்திலும் உறுதிமொழி இருப்பதில்லை.